கூட ஓட வந்தவர்

மதகு வரைக்கும்தான் வருவார், அதற்கு மேல் முடியாது, மூச்சு வாங்கும், உட்கார்ந்துவிடுவார் என்று பிலோமினா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்ட மறுநொடியே உடம்பு கூசிற்று. கட்டின புருஷனுக்கு மூச்சு வாங்கட்டும் என்று விடியற்காலையில் வேண்டிக்கொள்கிறவள் இந்தத் திருச்சியில் வேறு எவளாவது இருப்பாளா? பக்கத்தில் சவரிமுத்து தொப் தொப்பென்று வந்துகொண்டிருந்தார். ரயில்வேயில் கொடுத்த கறுப்பு ஷூ, மருமகன் விட்டுவிட்டுப் போன அரைக்கால் சட்டை, வெள்ளைப் பனியன். பனியனுக்கு இஸ்திரி போட்டிருந்தார். ராத்திரியே போட்டு நாற்காலியில் விரித்து வைத்துவிட்டுத்தான் படுத்தார். முப்பத்துமூன்று வருஷம் கூட்ஸ் வண்டியில் கார்டாக இருந்து மே மாதக் கடைசியில் ரிட்டையர் ஆனவர். நேற்று சாப்பிடும்போது, "நாளையிலேர்ந்து நானும் உன்கூட ஓட வர்றேன்" என்றார். கல்லில் தோசையைத் திருப்பிக்கொண்டிருந்தவள் "வாங்களேன்" என்றாள். வேறு என்ன சொல்வது? வராதீங்க என்று சொல்லக் காரணம் வேண்டும். காரணம் இருந்தது. ஆனால் அதை வாய்விட்டுச் சொன்னால் முப்பத்தோரு வருஷக் குடித்தனம் திரும்பி நின்று ஏன் என்று கேட்கும். தோசை தீய்ந்ததுதான் மிச்சம். இன்றைக்குப் பார்த்தா வரவேண்டும்? இன்றைக்கு எட்டு. நிற்காமல் எட்டு கிலோமீட்டர். டிசம்பரில் ஊரில் நடக்கப்போகிற பத்து கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறாள். செப்டம்பர் முடிவதற்குள் எட்டை நிற்காமல் ஓடிவிடவேண்டும் என்று ஓசூரில் இருக்கிற மகள் ரெஜினா தாளில் கட்டம் போட்டு அனுப்பியிருந்தாள். போன சனிக்கிழமை ஏழரையில் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டு நின்றுபோனாள். அரைக் கிலோமீட்டர். அந்த அரைக் கிலோமீட்டரை ஒரு வாரமாக, பாத்திரம் துலக்கும்போதும் கோயிலில் பிரசங்கம் கேட்கும்போதும் மனசுக்குள் ஓடிக்கொண்டே இருந்தாள். "இந்த வாய்க்கால்ல எத்தனை அடி தண்ணி இருக்கும்?" என்றார் சவரிமுத்து. "ம்" என்றாள். எத்தனை அடிக்கு ம் பதிலாகுமா? பேசினால் மூச்சு குலையும். "நாய்க்குப் பயமில்லையா உனக்கு?" "ம்." அதோ, மூன்றாம் வீட்டுக் கறுப்பு நாய் இவளைப் பார்த்து வாலாட்டிவிட்டு அவரைப் பார்த்துக் குரைத்தது. அதற்குக்கூடத் தெரிந்திருக்கிறது யார் புதுசு என்று.

மூன்று வருஷத்துக்கு முன்னால் வரைக்கும் அவள் ஓடினதே இல்லை. பஸ்ஸுக்குக்கூட ஓடமாட்டாள், போனால் அடுத்தது. பங்குக் கோயில் திருவிழாவில் தாய்மார்களுக்கு ஓட்டப்பந்தயம் என்றார்கள், ஆள் குறைகிறது என்று இவள் பெயரையும் சேர்த்துவிட்டார்கள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கொடிமரத்திலிருந்து மாதா சிலை இருக்கிற கெபி வரைக்கும் ஓட்டம். ஆறு பேரில் நாலாவதாக வந்தாள். கெபிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபோது நெஞ்சுக்குள் இடித்த இடி இருக்கிறதே, இவ்வளவு பெரிய சத்தத்தை வைத்துக்கொண்டா நாற்பத்தொன்பது வருஷம் பேசாமல் இருந்தோம் என்று இருந்தது. மறுநாள் பால் வாங்கப் போகிற சாக்கில் ஒரு விளக்குக் கம்பத்திலிருந்து அடுத்த கம்பம் வரை ஓடிப்பார்த்தாள். எதிரே யாராவது வந்தால் நடப்பாள், போனதும் ஓடுவாள். அடுத்த வாரம் இரண்டு கம்பம். பிறகு ரேஷன் கடை, பிறகு மதகு. கைக்கு எட்டுகிற மாதிரி ஒன்றை வைத்துக்கொள்வது, அதைத் தொட்டதும் கொஞ்சம் தள்ளி இன்னொன்று. பேராசைப்பட்ட வாரங்களில் எல்லாம் முட்டி வீங்கித் தைலத்தோடு கிடந்தாள். எழுந்திருக்க மனசில்லாத நாள்களும் உண்டு, மாசத்தில் பாதி அப்படித்தான். அப்போது தன்னோடு பேரம் பேசுவாள்: ஷூவை மட்டும் போட்டுக்கொள் பிலோமினா, போட்டுக்கொண்டபிறகும் வேண்டாமென்று இருந்தால் கழற்றிவிடு, யாரும் கேட்கமாட்டார்கள். போட்டபிறகு கழற்றியது இந்த மூன்று வருஷத்தில் இரண்டே நாள், அதில் ஒரு நாள் மழை. யாரும் கேட்கமாட்டார்கள் என்பதுதான் விஷயமே. அந்த நேரத்தில் அம்மா என்றோ அண்ணி என்றோ பிலோ என்றோ அவளை யாரும் கூப்பிடமாட்டார்கள். அவர் வண்டியோடு லைனில் போயிருப்பார், பிள்ளைகள் இரண்டும் வெளியூர். வாய்க்காலும் அவளும். ஓடுகையில் பெரிதாக ஒன்றும் யோசித்தவளில்லை, உளுந்து ஊறப்போட்டோமா, கொக்கு ஏன் ஒற்றைக் காலில் நிற்கிறது, இப்படித்தான். ஆனால் யாருக்கும் பதில் சொல்லவேண்டாத யோசனை. இப்போது பக்கத்தில் ஒரு மூச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டே வருகிறது, அது கேள்வி கேட்காதபோதும் கேட்கிற மாதிரியே இருக்கிறது. மணிக்கட்டில் கடிகாரம் கிர்ரென்று அதிர்ந்தது. ஒன்று. மதகு.

"பிலோ... கொஞ்சம்..." சவரிமுத்து முழங்காலில் கையூன்றிக் குனிந்து நின்றார். முதுகு ஏறி இறங்கியது. வேண்டிக்கொண்டது பலித்தேவிட்டது, மாதாவே, இவ்வளவு சீக்கிரம் பலிக்கவேண்டும் என்று நான் கேட்கவில்லையே. "என்னங்க? நெஞ்சு வலிக்குதா?" என்று நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றிக் குதித்துக்கொண்டு கேட்டாள். "நெஞ்செல்லாம் ஒண்ணுமில்ல, விலாவுல பிடிச்சுக்கிச்சு. நீ ஏன் குதிச்சுக்கிட்டே பேசுற?" "நின்னா அப்புறம் நிக்காம ஓடினதா ஆகாதுங்க." "அப்ப போ. நான் இந்த மதகுக் கட்டையில உட்கார்ந்திருக்கேன். திரும்பி வர்றப்ப கூப்பிடு, சேர்ந்து போயிரலாம்." "நெஜமா ஒண்ணுமில்லையே?" "அட போம்மா. முப்பத்துமூணு வருஷம் ரன்னிங் ஸ்டாஃப் நான்." ரயிலோடு போகிறவர்களை ரயில்வேயில் அப்படித்தான் சொல்வார்கள், ரன்னிங் ஸ்டாஃப் என்று. உட்கார்ந்தபடியே ஊர் ஊராகப் போனவர். அவர் சிரித்தார், அவளும் சிரித்தாள், ஓடினாள். பத்தடி, இருபதடி. திரும்பிப் பார்த்தால் கையை ஆட்டினார். முன்னால் திரும்பினாள். அப்பாடா.

அந்த அப்பாடா நல்லதில்லை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் கால் இலேசாகிவிட்டது. மேட்டூரில் திறந்துவிட்ட தண்ணீர் கரை தொட்டு ஓடியது, ஆகாயத்தாமரை கூட்டம் கூட்டமாக அவள் கூடவே வந்தது, கிழக்கே வெளுத்திருந்தது. இரண்டு. காலையில் பிரஷர் மாத்திரை போட்டாரா? போட்டார், தண்ணீர்ச் செம்பு வைத்த சத்தம் கேட்டது. அது மாத்திரைக்கா வெறும் தாகத்துக்கா? அடுத்த தெரு ஞானம்மா வீட்டுக்காரர் அப்படித்தான், நல்லா இருந்தவர், பேப்பர் படித்துக்கொண்டே சாய்ந்துவிட்டார். படிக்கத்தானே செய்தார், ஓடவில்லையே. சும்மா இருந்தாலும் வருகிறது, ஓடினாலும் வருகிறது. அவர் ஏன் ஓட வரவேண்டும்? டாக்டர் சொல்லியிருந்தால் நடக்கத்தான் சொல்லியிருப்பார். தனியாக நடந்தால் என்ன? ஜூன் மாதத்திலிருந்து அவர் தனியாக எதுவுமே செய்வதில்லை. பேப்பரை வாசித்தால் சத்தமாக வாசிக்கிறார், அவள் கேட்கவேண்டும். முருங்கைக்காய் வாங்கினால் எத்தனை என்று எண்ணிச் சொல்கிறார். "பிலோ, மழை வரும்போல இருக்கு." "பிலோ, பூனை வந்திருக்கு." வீட்டுக்குள் எந்த மூலைக்குப் போனாலும் பிலோ. பாவம், கடைசிப் பெட்டியில் தன்னந்தனியாக உட்கார்ந்து உட்கார்ந்து பேச்சுக்கு ஏங்கிப்போயிருக்கிறது மனுஷன். அப்படித்தான் நினைக்கவேண்டும். அப்படி நினைக்கிறவள் நல்லவள். ஆனால் ஜூன் ஒன்றாம் தேதி காலை இருக்கிறதே. அதைத் தொடாதே. மூன்று. கடிகாரம் அதிர்ந்தது நல்லதாகப் போயிற்று, மூச்சைப் பார், தோளைத் தளர்த்து, ரெஜினா சொன்னபடி விரலை இறுக்கி மடக்காதே. அப்போதெல்லாம் நாலு கிலோமீட்டர்தான் வழக்கம், இரண்டில் திரும்பிவிடுவாள், மூங்கில் புதர் பக்கம். அந்தக் காலையில் மூங்கில் புதர் வந்தது, போனது. கால் திரும்பவில்லை. அவர் எழுந்திருப்பார், ஹாலில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருப்பார், டீ இருக்கா என்று கேட்பார், இனி தினமும், ஆயுசுக்கும்... கால் பாட்டுக்குப் போயிற்று. அரைக் கிலோமீட்டர் தள்ளித்தான் திரும்பியது. வீட்டுக்கு வந்து காலண்டரில் ஐந்து என்று எழுதினாள். ஓடின தூரத்தைத் தேதிக் கட்டத்தில் பென்சிலால் சின்னதாக எழுதிவைப்பது வழக்கம். முன்னேறிவிட்டோம் என்று சந்தோஷமாகத்தான் எழுதினாள். சந்தோஷம்தானா? எழுதும்போது பின்னால் அவர், "டீ இருக்கா?" என்றார். நாலு. பாலம். திரும்பு.

திரும்புகிற வழியில் வெயில் முகத்தில் அடித்தது. ஐந்தில் கெண்டைக்கால் சின்னதாக முணுமுணுத்தது. பேசாமல் இரு என்று அதட்டினாள், அடங்கியது. ஆறு நெருங்கும்போது ஒரு விஷயம் புரிந்தது, இன்றைக்கு முடியும். மூச்சு சீராக இருக்கிறது, கால் இருக்கிறது, மனசுதான் இல்லை, அது மதகுக் கட்டையில் உட்கார்ந்திருக்கிறது. போய்க் கூப்பிட்டால் எழுந்து கூடவே ஓடி வருவார், கடைசிக் கிலோமீட்டர் முழுக்கப் பேசுவார். பரவாயில்லை. பேசட்டும். ஒரு நாள்தானே. ஒரு நாளா? நாளையிலேர்ந்து என்றாரே. நாளையிலேர்ந்து என்றால் முடிவே இல்லையே. வேலிகாத்தான் வளைவு தாண்டினால் மதகு தெரியும். தாண்டினாள். மதகு தெரிந்தது. கட்டை தெரிந்தது. கட்டையில் யாரும் இல்லை.

அந்தப் பக்கம் நிற்கிறாராயிருக்கும். சிறுநீர் கழிக்கப் போயிருப்பார். வீட்டுக்கே போயிருப்பார். போயிருந்தால் சாவி இவளிடம்தான் இருக்கிறது. ஏழு, கிர்ரென்றது, அவள் நின்றுவிட்டாள். நின்றதுகூடத் தெரியவில்லை. மதகுக்கு அடியில் தண்ணீர் நுரைத்துச் சுழித்துக்கொண்டிருந்தது. எத்தனை அடி தண்ணி என்று கேட்டாரே, ஏன் கேட்டார்? ஒழுங்காகப் பதில் சொல்லியிருக்கக்கூடாதா, ம் என்றேனே. தலை சுற்றியிருக்கும், எழுந்து நின்றிருப்பார், கட்டை வழவழவென்று இருக்கிறது. "என்னங்க!" என்று கூப்பிட்டாள். குரல் தண்ணீர்ச் சத்தத்தில் போய்விட்டது. "என்னங்க!" அந்தோணியாரே, கோடி அற்புதரே, காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருகிறவரே. வீட்டுச் சாவிக்கும் கம்மலுக்கும் இத்தனை வருஷம் உம்மைக் கூப்பிட்டேன், இப்போது இதற்குக் கூப்பிடுகிறேன். மூச்சு வாங்கட்டும் என்று நான் சொன்னதைக் கணக்கில் வைக்காதேயும், அது விளையாட்டு. விளையாட்டு இல்லை, பொய் சொல்லமாட்டேன், ஆனால் இவ்வளவுக்கு நான் கேட்கவில்லை. எதிர்க்கரையில் வாத்து மேய்க்கிறவர் கோலோடு நின்றிருந்தார். "ஐயா, இங்க வெள்ளைப் பனியன் போட்டு ஒருத்தரு..." "கறுப்பு ஷூவா?" என்றார் அவர் நிதானமாக. "ஆமா, ஆமா." "ரயில்வே கேட்டுப் பக்கம் போனாரும்மா. கேட்டுல டீக்கடை இருக்குல்ல." அவள் ஓடினாள். இத்தனை நாளில் அந்த மாதிரி ஓடியதில்லை, மூச்சு எங்கே, தோள் எங்கே என்று பார்க்கவில்லை. மண் பாதை, சரிவு, கேட். கேட் சாத்தியிருந்தது. டீக்கடை பெஞ்சில், கையில் கண்ணாடி டம்ளரோடு, போய்க்கொண்டிருந்த கூட்ஸ் வண்டியைப் பார்த்து உதடு அசைய எண்ணிக்கொண்டு, இஸ்திரி கலையாத பனியனோடு உட்கார்ந்திருந்தார் சவரிமுத்து.

"ஐம்பத்தெட்டு பெட்டி" என்றார் அவளைப் பார்த்ததும். பிறகு முகத்தைப் பார்த்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். "என்ன பிலோ? ஏன் அழுவுற?"

"அழல. வேர்வை. மதகுல இருக்கேன்னீங்களே!"

"கொசு பிச்சுப் பிடுங்குது. வண்டிச் சத்தம் கேட்டுச்சா, எந்திரிச்சு வந்துட்டேன். நீ வர்றதுக்குள்ள திரும்பிரலாம்னுதான்... உட்காரு. உட்காரு முதல்ல. தம்பி, ஒரு டீ, சர்க்கரை கம்மியா."

உட்கார்ந்தாள். உயிரோடு இருக்கிறார், டீ குடிக்கிறார், பெட்டி எண்ணுகிறார். திட்டவேண்டும்போலவும் தொட்டுப் பார்க்கவேண்டும்போலவும் இருந்தது. இரண்டும் செய்யவில்லை. அவர்தான் பேசினார், தண்டவாளத்தைப் பார்த்தபடி. "நான் ஓடறதுக்கு வரல பிலோ. உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். வீட்ல கேட்டா நீ சட்டியைத் தேய்ச்சுக்கிட்டே பதில் சொல்லிருவ, முகத்தைப் பார்க்க முடியாது. ஓடறப்ப கேக்கலாம்னு பார்த்தா எனக்கு மூச்சே வரல." டம்ளரைப் பக்கத்தில் நகர்த்தி வைத்தார். "காலண்டரைப் பார்த்தேன். மே வரைக்கும் நாலு, நாலு, நாலு. நான் ரிட்டையரான மறுநாள் அஞ்சு. ஜூலையில ஆறு. ஆகஸ்ட்ல ஏழு. இப்ப எட்டுங்கிற. நான் வீட்ல உட்கார உட்கார நீ தூரமாப் போயிக்கிட்டே இருக்க. என்னாலதானா?"

காலண்டரை அவர் பார்ப்பார் என்று அவள் நினைத்ததே இல்லை. ரெஜினாவின் தாள் இருக்கிறது, கட்டம் போட்டு, வாரத்துக்கு இவ்வளவு என்று. அதைச் சொன்னால் நம்பிவிடுவார். நம்பவேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறார், கண்ணைப் பார்த்தால் தெரிகிறது. தாள் ஜூன் பாதியில்தான் வந்தது என்று அவருக்குத் தெரியாது. சொல்லிவிடு, முடிந்தது, எழுந்து வீட்டுக்குப் போய் இட்லி ஊற்றலாம். வாயைத் திறந்தாள். இவ்வளவு நேரம் ஓடிவந்த வாய், வறண்டு, உப்புக் கரித்து, அதில் பொய் ஒட்டவில்லை. "ஆமாங்க" என்றாள். "முதல்ல உங்களாலதான்."

"ம்" என்றார் அவர்.

"இப்ப அப்படியில்ல. இப்ப காலு தானாக் கேக்குது. ஆனா ஜூன்ல... வீட்டுக்கு வரப் பிடிக்கலங்க. உங்களைப் பிடிக்காம இல்ல. எப்பவும் யாராவது கூப்பிட்டுக்கிட்டே இருக்கறது பிடிக்கல." சொல்லிவிட்டாள். வானம் இடிந்து விழவில்லை. கேட்காரர் கேட்டைத் தூக்கினார், பால் கேன் கட்டின மோட்டார்சைக்கிள் ஒன்று தடதடவென்று தண்டவாளத்தைத் தாண்டியது. டீக்காரத் தம்பி டம்ளரைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். சவரிமுத்து அதை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

"நானும் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. வண்டியைக் கொண்டுபோய் விட்டா அங்கேயே ரெஸ்ட் ரூம்ல படுத்துத் தூங்கிட்டு அடுத்த வண்டியில திரும்பணுமில்லையா. சில நாள் திரும்பற வண்டி ரெடியா இருக்கும். இன்னொருத்தனைக் கூப்பிட்டு, நீ போப்பான்னு அனுப்பிட்டு நான் இன்னும் ஒரு நாள் அங்கேயே கெடப்பேன். சும்மா. ஃபேன் சுத்தறதைப் பார்த்துக்கிட்டு. வீட்டுக்கு வந்தா பிள்ளைங்க சண்டை, எங்கம்மா புலம்பல், நீ எடுத்து வச்சிருக்கிற பஞ்சாயத்து. வண்டி கிடைக்கலன்னு உன்கிட்ட சொல்லிருவேன்."

"எத்தனை தடவை?"

"வருஷத்துக்கு நாலு, அஞ்சு இருக்கும்."

வருஷத்துக்கு நாலு என்றால் முப்பது வருஷத்துக்கு எத்தனை? கணக்குப் போட மனசு போனது, பாதி வழியில் வேறொன்றில் இடித்து நின்றது. இருட்டு அறை, வேப்பிலை, இரண்டு பிள்ளைகளும் முனகிக்கொண்டு, விசிறிக்கொண்டே உட்கார்ந்து தூங்கிய மூன்று ராத்திரி. "ரெஜினாவுக்கும் அவ தம்பிக்கும் ஒண்ணா அம்மை போட்டுச்சே. மூணு நாள் நீங்க வரல. அப்பயுமா?"

"ஐயையோ!" சவரிமுத்து பெஞ்சிலிருந்து எழுந்தேவிட்டார். "மாதா சத்தியமா இல்ல பிலோ. அப்ப மழையில லைன் அறுத்துக்கிச்சு. சிமெண்டு வண்டியோட காட்டுக்குள்ள நின்னேன். பக்கத்து ஊருக்காரங்க கடலை அவிச்சுக் கொடுத்தாங்க, தொண்டையில இறங்கல. அப்ப இல்ல. அதை மட்டும் நினைச்சுராத."

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். பொய் சொல்கிற முகம் அவளுக்குத் தெரியும், இது அது இல்லை. அந்த மூன்று ராத்திரியும் பத்திரமாக இருந்தன. மற்றதெல்லாம் போகட்டும், ஃபேன் சுத்தட்டும், மனுஷனுக்கு ஒரு நாள் அதிகமாகப் படுத்துக் கிடக்கவேண்டும்போல இருக்காதா? கோபம் வரவேண்டிய இடத்தில் கோபத்தைத் தேடினாள். சிரிப்புதான் இருந்தது. முதலில் மூக்கில் வந்தது, பிறகு டீ புரைக்கேறி இருமலோடு வந்தது. அவர் பயந்துபோய் முதுகில் தட்டினார். "என்ன, என்ன?" "ஒண்ணுமில்லங்க. நான் நவநாள் செபம் சொல்லிக்கிட்டு இருந்தேன், உங்களுக்கு வண்டி கிடைக்கணும்னு." அவரும் சிரித்தார், தலையைக் குனிந்துகொண்டு, திருடினவர் மாதிரி.

"நாளைக்கு நான் வரல" என்றார் பிறகு. "எனக்கு ஓட்டம் சரிப்படாது. இந்தக் கேட்டு வரைக்கும் மெதுவா நடந்து வந்து ஒரு டீ குடிச்சிட்டுப் போறேன். நீ உன் பாட்டுக்குப் போ."

"ஏங்க, வாங்களேன்" என்றாள்.

"நடிக்காத."

இரண்டாம் தடவை சிரிப்பதற்கு மூச்சு இல்லை. "ஆனா காலையில எட்டு மணி வரைக்கும் பிலோன்னு கூப்பிடக்கூடாது" என்றாள். "பூனை வந்தாக்கூடயா?" "வந்தாக்கூட." அவர் யோசித்தார். "ஏழரை?" என்றார். "சரி, ஏழரை." கடிகாரத்தைப் பார்த்தாள், ஓட்டம் நின்று கால் மணி நேரம் ஆகியிருந்தது. நிற்காமல் எட்டு இன்றைக்கு இல்லை. கொஞ்சம் வலித்தது, இல்லையென்று சொல்லமுடியாது. அடுத்த வாரம். கால் எங்கேயும் போகவில்லை. "நீ ஓடு, வெயில் ஏறுது. நான் நடந்து வர்றேன்" என்றார் சவரிமுத்து. அவள் சாவியை இடுப்பிலிருந்து எடுத்து நீட்டினாள். "உன்கிட்டயே இருக்கட்டும், நீதான முதல்ல போவ" என்றார். எழுந்து, காலை உதறிக்கொண்டு, சரிவில் ஏறிக் கரைக்கு வந்தாள். வேகமாகவும் இல்லை, மெதுவாகவும் இல்லை. வீட்டு வாசலில் நின்று கதவைத் திறக்கும்போது, மதகிலிருந்து இங்கே வரைக்கும் என்ன யோசித்துக்கொண்டு வந்தோம் என்று நினைத்துப் பார்த்தாள். ஒன்றுமே இல்லை.